கோழிக்கூண்டில் ஒளி பயின்ற அம்மையார்

வகுப்புப் புகைப்படம் எடுக்கும் நாள் வந்துவிட்டால் நம்முள் யாருக்குத்தான் படபடப்பு இல்லை? தலையை வாரி, பூ வைத்து, சீருடையை மடிப்புக் கலையாமல் உடுத்தி வருகிறோம். பளிச்சென்று பிளாஷ் வெளிச்சம் நேரே முகத்தில் அடிக்கிறது. சில நாள் கழித்துப் படம் கைக்கு வரும்போதோ, சுண்ணாம்பு பூசிய சுவர் போல முகம் வெளுத்திருக்கிறது. மூக்கும் கன்னமும் ஒன்றாகத் தட்டையாகிவிட்டன. பின்சுவரில் கரிய நிழல் ஒன்று நம்மோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நாம் இவ்வளவு மோசமாகவா இருக்கிறோம் என்று ஒருவரையொருவர் பார்த்துக் கொள்கிறோம்.

பிழை நம் முகத்தில் இல்லை, தோழியரே. கேமரா நிற்கும் இடத்திலேயே விளக்கும் நிற்பதுதான் பிழை. பார்க்கும் கண்ணும் ஒளி வரும் திசையும் ஒன்றாகிவிட்டால் முகத்தில் மேடேது, பள்ளமேது? பிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடித்தால், அதே முகத்தில் கன்னம் எழும்பும். கண்ணுக்கு ஆழம் வரும். இந்த வித்தையை இன்று பலர் வீட்டிலேயே பழகி வருகிறார்கள். ஆனால் பிளாஷ் என்ற கருவியே வழக்கில் இல்லாத காலத்தில், ஆசிரியர் ஒருவருமின்றி, தம் வீட்டுக் கோழிக்கூண்டில் இதைக் கற்றுத் தெளிந்த பெண்மணி ஒருவர் உண்டு. அவர் பிறந்தது நம் பாரத நாட்டில். கண் மூடியது அண்டை நாடான இலங்கையில். தம் கடைசி ஆண்டுகளில் அவர் கேமரா முன் அமர்த்தியவர்களுள் நம் தமிழ் மக்களும் இருந்தனர். ஜூலியா மார்கரெட் கேமரூன் என்னும் அந்த அம்மையாரின் வரலாற்றையே இவ்வாண்டு மலருக்கு எடுத்துக் கொண்டோம். (கேமராவும் கேமரூனும் பெயரால் உறவல்ல, அது கணவர் வழி வந்த குடும்பப் பெயர்.)

அம்மையார் 1815-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 11-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பேட்டில் கிழக்கிந்தியக் கம்பெனியில் உயர் அலுவலர். தாய் பிரெஞ்சு வழியினர். வளர்ந்து ஆளான பெண் மக்கள் எழுவர். சகோதரியர் பலரும் அழகிகள் என்று ஊரெல்லாம் பெயர் எடுத்தவர்கள். ஜூலியாவுக்கு மட்டும் அப்பெயர் வாய்க்கவில்லை. அழகைத் தாமே அணிந்து திரிய இயலாதவர், பிற்காலத்தில் பிறர் முகத்தில் அதைத் தேடித் தேடிப் பிடித்தார் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. பிரான்சு நாட்டில் வெர்சேல்ஸ் நகரில் பாட்டியார் வீட்டில் தங்கிக் கல்வி பயின்று, பருவம் எய்தியபின் கல்கத்தாவுக்குத் திரும்பினார்.

1836-இல் உடல் நலம் குன்றி, காற்று மாற்றத்திற்காகத் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குச் சென்றார். அங்கே இருவரைச் சந்தித்தார். ஒருவர் சார்லஸ் ஹே கேமரூன் என்னும் சட்ட அறிஞர். ஜூலியாவைவிட இருபது ஆண்டு மூத்தவர். இலங்கையின் நீதிமுறையைச் சீர்செய்ய அனுப்பப்பட்ட ஆணையருள் ஒருவராக இருந்தவர். பின்னர் மெக்காலே பிரபுவோடு இந்தியத் தண்டனைச் சட்ட வரைவில் உழைத்தவர். இவரையே 1838-இல் கல்கத்தாவில் மணந்தார். மற்றொருவர் வானநூல் மேதை சர் ஜான் ஹெர்ஷல். தென்வானத்து விண்மீன்களை எண்ண வந்தவர் அவர். புகைப்படத்தை அழியாமல் நிலைநிறுத்தும் ஹைப்போ உப்பின் குணத்தை 1819-லேயே கண்டறிந்தவரும் அவரே. நெகடிவ், பாசிடிவ் என்று இன்றும் நாம் வழங்கும் சொற்களை அத்துறைக்குக் கொடுத்தவரும் அவரே. 1842-இல் கல்கத்தாவிலிருந்த ஜூலியாவுக்கு இப்புதுக் கலையின் மாதிரிகள் சிலவற்றை அனுப்பி வைத்தார். விதை அன்று விழுந்தது. முளைக்க இருபத்திரண்டு ஆண்டுகள் பிடித்தன!

இடைப்பட்ட காலத்தை விரைந்து சொல்லிவிடலாம். ஒரு மகளும் ஐந்து ஆண் மக்களும் பிறந்தனர். பெற்றோரை இழந்த உறவினர் குழந்தைகளையும் தம் பிள்ளைகளோடு சேர்த்தே வளர்த்தார். 1848-இல் கணவர் ஓய்வு பெறவே, குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. 1860-இல் வைட் தீவில் பிரெஷ்வாட்டர் என்னும் கடலோரச் சிற்றூரில் வீடு வாங்கினர். கவிஞர் டென்னிசன் பக்கத்து வீட்டுக்காரர். தம் வீட்டுக்கு டிம்போலா என்று பெயரிட்டார் அம்மையார். இலங்கை மலையில் குடும்பத்துக்கு இருந்த காப்பித் தோட்டத்தின் பெயர் அது. காப்பி விளைச்சலை நம்பியே அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. அத்தோட்டங்களில் கூலிக்கு உழைத்தவர்கள் கடல் கடந்து சென்ற நம் தமிழர்கள். இதை இங்கே நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1863-ஆம் ஆண்டின் இறுதி. கணவர் தோட்டங்களைப் பார்க்க இலங்கைக்குச் சென்றிருந்தார். பிள்ளைகளும் ஆளுக்கொரு திசையில். பெரிய வீட்டில் அம்மையார் தனியே. வயதோ 48. தாயின் தனிமைக்குத் துணையாகட்டும் என்று மகள் ஜூலியாவும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாக அனுப்பினர். மரப்பெட்டியும் பித்தளை லென்சுமாகக் கனத்த கருவி அது. சுமார் 11 அங்குல நீளமும் 9 அங்குல அகலமும் உள்ள கண்ணாடித் தகட்டில்தான் படம் விழும்.

பொழுது போக்கத் தந்த பொருள் பொழுதையெல்லாம் எடுத்துக் கொண்டது. கரி அடுக்கும் அறையைக் காலி செய்து இருட்டறையாக்கினார். தோட்டத்தில் கண்ணாடிக் கூரை போட்ட கோழிக்கூண்டு ஒன்று இருந்தது. கோழிகளை வெளியேற்றினார், அவற்றை அடித்துத் தின்றுவிடவில்லை என்று பின்னாளில் தாமே எழுதி வைத்திருக்கிறார். வீட்டார்க்கு வாய்த்துவந்த புது முட்டைகள் அத்தோடு நின்றன. புலவர்களும் ஓவியர்களும் அறிஞர்களும் அழகிய சிறுமியரும் வந்து அமரும் கலைக்கூடமாயிற்று அந்தக் கூண்டு.

அந்நாளில் படம் எடுப்பது என்றால் இன்றுபோல் விரலால் அழுத்தும் வேலை அல்ல. கண்ணாடித் தகட்டைத் துடைத்து, கொலோடியன் என்ற பிசின் போன்ற திரவத்தை ஒரே சீராக ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் கேமராவில் பொருத்தி ஒளி காட்டி, ஈரம் காய்வதற்குள்ளேயே இருட்டறைக்கு ஓடி உருத் துலக்க வேண்டும். கழுவுவதற்குக் குடம் குடமாகக் கிணற்று நீர். வெள்ளி உப்புப் பட்ட கைகள் கருத்துப் போகும். சேலைக்கும் மேசை விரிப்புக்கும் அதே கதி. (சேலை என்பது எங்கள் கைச்சரக்கு, அம்மையார் அணிந்தது நீண்ட கறுப்பு அங்கி.) பொட்டாசியம் சயனைடு என்னும் கொடிய நஞ்சும் இவ்வேலையில் புழங்கியது. எச்சரிக்கையாக இருக்கும்படி ஹெர்ஷல் கடிதம் எழுதினார்.

முதல் முயற்சி என்னவாயிற்று தெரியுமா? அவ்வூர் விவசாயி ஒருவரைக் கூலி கொடுத்து உட்கார வைத்தார். படமும் நன்றாகவே விழுந்தது. பூரிப்பில் தகட்டின் ஈரப் பக்கத்தைக் கையால் தேய்த்துவிட்டார், படம் போயிற்று. அடுத்து இரு குழந்தைகளை அமர்த்தினார். ஒளி காட்டிக் கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு குழந்தை களுக்கென்று சிரித்துவிட, அந்தத் தகடும் பாழ். 1864 ஜனவரி இறுதியில் ஆன்னி பில்பாட் என்ற சிறுமி தனியே வந்து அமர்ந்தாள். அசையாமல் இருந்தாள். அன்றைக்கே துலக்கி, அச்சிட்டு, சட்டம் போட்டு, அன்றிரவே அவள் தந்தையிடம் ஒப்படைத்துவிட்டார். ஆனந்தம் தாங்காமல் வீடெல்லாம் ஓடி, அச்சிறுமிக்குக் கொடுக்கப் பரிசு தேடினாராம். தம் முதல் வெற்றி என்று அப்படத்தின் அடியில் எழுதி வைத்தார்.

அந்தப் படத்தை நாங்கள் நூலகக் கணிப்பொறியில் பெரிதாக்கிப் பார்த்தோம். சிறுமி எங்களை நேரே பார்க்கவில்லை. பொத்தான் போட்ட தடித்த மேலங்கி, கலைந்த முடி. அழகு செய்து அனுப்பப்பட்ட பிள்ளையாகத் தெரியவில்லை. ஆனாலும் அந்த முகத்தை விட்டுக் கண் நகர மறுக்கிறது.

ஏன் அப்படி? அக்காலத்து ஸ்டூடியோக்காரர்கள் கண்ணாடிக் கூரை வழியே நாலாபுறமும் வெளிச்சத்தை வாரி இறைத்தனர். முகம் துலக்கமாகத் தெரிய வேண்டும், தூணும் திரையும் பூந்தொட்டியும் தெரிய வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அம்மையாரோ வெளிச்சத்தை மறைக்கக் கற்றுக் கொண்டார். தேவையற்ற பக்கங்களைத் திரையிட்டு, ஒரு பக்கத்து ஒளியை மட்டும் உள்ளே விட்டார். பின்னால் கருந்துணி, சில வேளை அமர்ந்திருப்பவரின் உடையின் மேலும் கருந்துணி. இருளுக்குள்ளிருந்து முகம் ஒன்றே எழுந்து வரும். 1867-இல் தம் குருவான ஹெர்ஷலின் வீட்டுக்கே கேமராவைச் சுமந்து சென்று படம் எடுத்தார். தலைமுடியைக் கழுவிவரச் சொல்லி, வெண்மயிர் பஞ்சுபோல் எழும்பி நிற்க, ஒருபக்க ஒளியில் அந்தக் கிழவரை அமர்த்தினார். விண்மீனையே பார்த்துப் பார்த்துப் பழகிய கண்கள் ஈரத்தோடு மின்னுகின்றன. அந்தப் படம் ஒன்றே போதும், ஒளி எங்கிருந்து வர வேண்டும் என்பதற்குப் பாடம்.

இதை நாமும் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றவே, அரையாண்டு விடுமுறையில் எங்களுள் ஒருத்தியின் வீட்டில் கூடினோம். காங்கேயத்துப் பழைய ஓட்டு வீடு, நடுவே ஆசாரம். அவளுடைய அம்மாயிதான் எங்களிடம் அகப்பட்டவர். மாமா ஒருவரின் கேமராவும் பிளாஷும் இரவல். கேமராவின் தலையிலேயே பிளாஷை வைத்து முதலில் எடுத்தோம். ரேஷன் கார்டுப் படம்தான் வந்தது. பிறகு பிளாஷைக் கழற்றி, கம்பியில்லாமல் அதை இயக்கும் சிறு கருவியைப் பொருத்தி, ஒருத்தி முக்காலிமேல் ஏறி, அம்மாயியின் இடப்பக்கம் சாய்வாக, நெற்றிக்குச் சற்று மேலே பிடித்துக் கொண்டாள். உடனே முகத்துக்கு உருவம் வந்துவிட்டது! ஆனால் மூக்கின் நிழல் கத்தியால் வெட்டினாற்போல் கன்னத்தில் விழுந்தது. சுருக்கம் ஒவ்வொன்றும் உழவுசால் போலத் தெரிந்தது. அம்மாயிக்குப் பிடிக்கவில்லை.

திருப்பூர்ப் பக்கம் நமக்குப் பனியன் துணிக்கா பஞ்சம்? வெள்ளைத் துணி ஒரு கெஜத்தை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, பிளாஷுக்கும் முகத்துக்கும் நடுவே நிறுத்தினோம். பிளாஷைத் துணிக்கு ஒட்டி வைத்தபோது பயனில்லை. ஒரு முழம் பின்னுக்கு இழுத்ததும் துணி முழுதும் வெளிச்சம் பரவி, துணியே ஒரு சன்னலாயிற்று. ஒளி தரும் பரப்பு அகலமானால் நிழலின் ஓரம் மென்மையாகும் என்பதை அன்று கண்ணால் கண்டோம். மறுபக்கத்தில் வெள்ளைத் தெர்மோகோல் பலகை ஒன்று; இருண்ட கன்னத்துக்கு அது சிறிது வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தது. அம்மையாரின் கோழிக்கூண்டு எங்கள் ஆசாரத்துக்கு வந்துவிட்டது.

நாங்கள் செய்த தவறுகளையும் சொல்ல வேண்டும் அல்லவா? ஒரு படத்தில் பாதி கன்னங்கரேலென்று வந்தது. கேமராவின் திரை திறந்து மூடும் வேகத்தை அறியாமல் 500-இல் ஒரு விநாடியாக வைத்துவிட்டோம். அந்த வேகத்தில் திரை முழுதும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதில்லை. பிளாஷ் மின்னும்போது திறந்திருந்த பகுதியில் மட்டுமே ஒளி விழுகிறது. பெரும்பாலான கேமராக்களில் 200-இல் ஒரு விநாடி அல்லது அதற்கும் மெதுவாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. மற்றொன்று: பிளாஷை இரண்டடியிலிருந்து நான்கடிக்குத் தள்ளினால் வெளிச்சம் பாதியாகும் என்று நினைத்தோம். கால் பங்காகிவிட்டது. தூரம் இரட்டித்தால் ஒளி நான்கில் ஒன்று என்று இயற்பியல் புத்தகத்தில் மனப்பாடம் செய்ததுதான். புத்தகத்தில் படித்தபோது அது யார் முகத்திலும் விழவில்லை! நாங்கள் அளந்தும் நகர்த்தியும் வாதாடியும் முடிப்பதற்குள் அம்மாயி உறங்கிப் போனார். தம் கல்யாணத்தன்று மணவறையில்கூட இவ்வளவு நேரம் உட்காரவில்லை என்று விழித்ததும் குறைப்பட்டுக் கொண்டார். அந்தக் குறையும் சிரிப்புமாக இருந்த நொடியில் எடுத்த படம்தான் தேறியது.

அம்மாயி பட்ட பாடு பெரிதல்ல. அம்மையாரின் முன் அமர்ந்தவர்கள் ஒரு படத்துக்கு மூன்று முதல் ஏழு நிமிடம்வரை அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. குழந்தைகளுக்கு முதுகில் அன்னச் சிறகைக் கட்டித் தேவதூதராக்கி நிறுத்துவார். கனம் தாங்காது, கால் கடுக்கும், அழுகை வரும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அவரைத் தொலைவில் கண்டாலே ஒளிந்து கொள்வார்களாம். பெரிய மனிதர்களும் தப்பவில்லை. டார்வின், கார்லைல், டென்னிசன் எல்லோரும் அந்தக் கூண்டில் அல்லது அதுபோன்ற அறையில் அவர் சொற்படி உட்கார்ந்தவர்களே. இன்று பிளாஷ் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியில் மின்னி மறைகிறது. அம்மையார் படமெடுக்கத் தொடங்கிய 1864-லேயே இங்கிலாந்தில் மக்னீசியக் கம்பியை எரித்து அந்த ஒளியில் முகங்களை எடுத்துப் பார்த்தனர். 1887-இல் ஜெர்மனியில் மக்னீசியத் தூள் கலவை வந்தது. 1929-இல் பல்பு, 1931-இல் அமெரிக்கப் பேராசிரியர் எட்ஜர்ட்டனின் மின் பிளாஷ். அம்மையார் நம்பியதோ பகலவனின் ஒளியையே.

நம் பள்ளிக்கு மிக நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. அம்மையார் மிக விரும்பி எடுத்த படங்கள் தேவமாதாவும் குழந்தையும். அவர் கத்தோலிக்கர் அல்லர்; ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்தவர். எனினும் அன்னை மரியாளின் முகத்தை அவர் விட்டபாடில்லை. புனித பவுல் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் வரும் ஆவியின் கனிகளைக் கொண்டு ஒன்பது படங்கள் எடுத்தார்: அன்பு, மகிழ்ச்சி, அமைதி என்று ஒவ்வொரு கனிக்கும் ஒரு தாயும் சேயும். (நம் மறைக்கல்விப் பாடத்தில் பன்னிரண்டு கனிகள் அல்லவா என்று கேட்கும் தங்கையர்க்கு: நம் திருச்சபை மரபு பழைய இலத்தீன் மொழிபெயர்ப்பின்படி பன்னிரண்டு எண்ணும்; கிரேக்க மூலத்தில் ஒன்பது.) அப்படங்களை 1865-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு அளித்தார்.

அந்தத் தேவமாதா யார்? வீட்டு வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியர். தண்ணீர் சுமந்து, தகடு கழுவி, அழைத்தபோது முக்காட்டைப் போட்டுக்கொண்டு வந்து அமர்ந்து, மீண்டும் வேலைக்குப் போனவள். ஊரார் அவளை மடோனா மேரி என்றே அழைத்தனர். கையில் குழந்தையை ஏந்தித் தலை தாழ்த்தியிருக்கும் அம்முகத்தில் ஒளி பக்கவாட்டில் மெல்ல இறங்குகிறது. மாளிகைச் சீமாட்டி ஒருத்தியைத் தேடிப் போகாமல், பாத்திரம் துலக்கும் பெண்ணிடம் அன்னையைக் கண்டாரே, அதுவே அம்மையாரின் பெருஞ்சிறப்பு என்பது எங்கள் துணிபு. நாசரேத்து மரியாளும் தண்ணீர் எடுத்து மாவரைத்த பெண்தானே.

இன்னொரு மேரியும் அவ்வீட்டில் இருந்தாள்: மேரி ரயான். அயர்லாந்து நாட்டு ஏழைச் சிறுமி, தாயோடு பிச்சை எடுத்துத் திரிந்தவளை அம்மையார் அழைத்து வந்து, தம் பிள்ளைகளோடு படிக்கவும் வைத்தார், வேலையும் வாங்கினார். லண்டன் கண்காட்சியில் அவள் படத்தைக் கண்ட இளைஞர் ஒருவர் அதை விலைக்கு வாங்கி, பின்னர் அவளையே தேடி வந்து 1867-இல் மணந்தார். அவர் பெயர் ஹென்றி காட்டன். நம் கும்பகோணத்தில் பிறந்தவர்! இந்திய ஆட்சிப் பணியில் உயர்ந்து, ஓய்வுக்குப்பின் 1904-இல் பம்பாயில் கூடிய இந்திய தேசிய காங்கிரசுக்குத் தலைமை வகித்தாரே, அதே சர் ஹென்றி காட்டன்தான். கதைபோல் இருக்கிறது, ஆயினும் நடந்தது.

அம்மையாரை எல்லோரும் போற்றினார்கள் என்று எண்ண வேண்டாம். புகைப்படச் சங்கத்தார் அவர் படங்களை எள்ளி நகையாடினர். முகம் கூர்மையாக விழவில்லை, தகட்டில் விரல் ரேகை, கீறல், தூசி என்று அடுக்கினர். குற்றச்சாட்டுகள் உண்மையே. கூர்மையைப் பொறுத்தவரை அம்மையாரிடம் விடை இருந்தது: லென்சைத் திருகி வரும்போது எந்த இடத்தில் முகம் தம் கண்ணுக்கு அழகாகத் தோன்றியதோ அங்கேயே நிறுத்திவிடுவார். கீறலும் தூசியும் அவசரத்தின் பயன்; அவற்றுக்கு நாங்கள் வக்காலத்து வாங்க மாட்டோம். பிசின் படலம் வெடித்துப் பல நல்ல தகடுகள் பாழானபோது, 1869-இல் அவற்றைத் தம்மை எள்ளிய அதே சங்கத்தாரிடம் எடுத்துச் சென்று, காரணம் சொல்லுங்கள் என்று கேட்டார். 54 வயதில், கேலி செய்தவர்களிடமே மாணவியாகப் போய் நின்ற துணிவை நாங்கள் வியக்கிறோம். பெர்லின் கண்காட்சி 1866-இல் அவருக்குப் பொற்பதக்கம் அளித்தது. லண்டன் தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவர் படங்களை வாங்கியதோடு, 1868-இல் இரண்டு அறைகளையும் அவர் பயன்பாட்டுக்கு ஒதுக்கிக் கொடுத்தது.

பணம் மட்டும் சேரவில்லை. வெள்ளி உப்பும் கண்ணாடியும் விலை உயர்ந்தவை, விற்பனை போதவில்லை. 1869 முதல் இலங்கையில் காப்பி இலைகளில் துருநோய் கண்டு தோட்டங்கள் கருகத் தொடங்கின. 1873-இல் கேமராவைப் பரிசளித்த ஒரே மகள் ஜூலியா பிரசவத்தில் இறந்தாள். மறு ஆண்டு அம்மையார் தம் கண்ணாடி வீட்டின் கதையை எழுதத் தொடங்கினார். அது முற்றுப் பெறவில்லை.

1875 அக்டோபரில் கேமரூன் தம்பதியர் இலங்கைக்குக் கப்பல் ஏறினர். எண்பது வயதுக் கணவருக்கு இலங்கை மலைகளின்மேல் தீராத ஆசை, பிள்ளைகளும் அங்கே. உடன் ஒரு பசுவும், சாமான்கள் நிரப்பிய இரண்டு சவப்பெட்டிகளும் பயணம் செய்தனவாம். போகும் ஊரில் நல்ல பெட்டி கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்ற முன்யோசனை! களுத்துறையில் அரசு அலுவலராக இருந்த மகன் வீட்டில் தங்கினர். அங்கே தூய நீரும் மருந்துப் பொருளும் எளிதில் கிடைக்கவில்லை. வெப்பத்தில் பிசின் விரைந்து உலர்ந்தது. ஆயினும் கேமரா ஓயவில்லை. 1877-இல் விருந்தாளியாக வந்த தாவர ஓவியர் மரியான் நார்த் என்ற அம்மையாரைத் தென்னை ஓலைகளின் நடுவே நிறுத்திப் படம் எடுத்தார். அவ்வூர் இளைஞன் ஒருவனின் முதுகு அழகாயிருக்கிறது என்பதற்காக, தோட்டமே இல்லாத மகன் வீட்டில் அவனைத் தோட்டக்காரனாக வைத்துக் கொள்ளச் சொன்னாராம்.

இலங்கையில் எடுத்தவற்றுள் இன்று முப்பது படங்கள்கூட எஞ்சவில்லை. அவற்றில் இருப்பவர்கள் உழைப்பாளி மக்கள். தமிழரும் அவர்களுள் உண்டு. அந்த ஆண்டுகளைக் கவனியுங்கள். 1876 முதல் 1878 வரை: நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லும் அதே காலம். தமிழ்நாட்டில் மழை பொய்த்து, ஊர் ஊராக மடிந்தபோது, பிழைக்க வழி தேடி ஆயிரமாயிரம் பேர் மன்னார் வழியாக நடந்தும் கப்பலேறியும் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். சேலையை ஒருபக்கம் செருகி, நேராகக் கேமராவைப் பார்க்கும் அந்த மெலிந்த முகங்களை நாங்கள் வெகு நேரம் பார்த்துக் கொண்டிருந்தோம். அத்தை போல் ஒருத்தி. அக்கா போல் ஒருத்தி.

அவர்கள் பெயர் என்ன? அம்மையார் எழுதி வைக்கவில்லை. வேலைக்காரி மேரியின் பெயரைத் தந்தவர், பிச்சைக்காரச் சிறுமியின் பெயரைத் தந்தவர், களுத்துறையில் ஒரு பெண், சில குடியானவர் என்பதோடு நிறுத்திக் கொண்டார். டென்னிசனுக்குக் கொடுத்த அதே ஒளியை இவர்களுக்கும் கொடுத்தார், பெயரைக் கொடுக்கவில்லை. இந்தக் கலையின் செலவுக்குக் காசு வந்தது எவர் உழைப்பிலிருந்து என்று எண்ணும்போது, இது எங்களுக்கு உறுத்துகிறது. அம்மையார்மேல் கொண்ட மதிப்புக் குறையவில்லை; ஆனால் உறுத்தல் உறுத்தல்தான். அம்மாயியின் படத்தை அச்சிட்டு வாங்கியதும், அதன் பின்புறத்தில் அவர் பெயரையும் பிறந்த ஊரையும் அன்றைய தேதியையும் மையால் எழுதினோம்.

1878-இல் ஒருமுறை இங்கிலாந்து சென்று திரும்பிய அம்மையார், மலைநாட்டில் டிக்கோயாப் பகுதியில் மகனின் தோட்ட வீட்டில் தங்கியிருந்தபோது நோயுற்றார். 1879 ஜனவரி 26-ஆம் நாள், திறந்த சன்னல் வழியே வானத்து விண்மீன்களைப் பார்த்தபடி உயிர் நீத்தார் என்பர். வெள்ளைத் துணி போர்த்திய வண்டியில், இரண்டு பெரிய வெள்ளைக் காளைகள் இழுத்துச் செல்ல, மலை முகடுகளைக் கடந்து அவர் உடல் கொண்டு போகப்பட்டது. காளைக்குப் பேர்போன ஊர்க்காரர்களாகிய நாங்கள் அந்தச் செய்தியைப் படித்தபோது சற்று நிறுத்தி, மறுபடியும் படித்தோம். பொகவந்தலாவையில் தூய மரியாள் ஆலயத்தின் சிறு கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தனர். மறு ஆண்டு கணவரையும் அவர் அருகிலேயே புதைத்தார்கள். அவர்கள் நம்பி வந்த காப்பி அதற்குள் அழிந்துகொண்டிருந்தது. அந்த மலைச்சரிவுகளில் தேயிலை ஏறத் தொடங்கியிருந்தது.